திருச்செங்கோட்டுப் பாகம்பிரியாள்

கொங்குநாட்டிலே தேவாரப் பாடல்பெற்ற திருப்பதிகள் ஏழு. அவற்றுள் ஒன்றாகிய திருச்செங்கோட்டு மலைமேல் முதன்முறை ஏறி வழிபடும் அடியாருள் சிலர், அம்மையப்பரைத் தொழுது வெளிப்போந்தபின், "அம்பிகையின் சந்நிதி எப்பக்கத்தது?" என்று வினவுதல் உண்டு. ஏனைச் சிவாலயங்களில் இறைவனை வணங்கிய பின்னர் இறைவியின் தனிக்கோயிலை நாடிச் சென்று பழகியவர்க்கு இவ்வினா இயல்பானதே. ஆயினும், அவர் தேடுகின்ற அம்மையை அவர் முன்னரே தொழுதுவிட்டனர் என்பதே இதற்குரிய விடையாம். ஈண்டு இறைவி இறைவனது இடப்பாகமாகவே நின்று மூலத்தானத்தில் வழிபாடு கொண்டருள்கின்றாள். இதுபற்றியே அவட்குப் பாகம்பிரியாள் என்னும் திருப்பெயரும், பெருமானுக்கு மாதொருபாகர் என்னும் திருப்பெயரும் வழங்குவவாயின.

இவ்விடை சொல்லளவிற் சிறிதேனும், இதனுட் சைவசித்தாந்தத்தின் தலையாய உண்மையொன்று அடங்கியுள்ளது. அதனைத் தலவரலாற்றைக்கொண்டு ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலமும் பெயரும்

திருச்செங்கோடு முன்னர்ச் சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்து, 1997-ஆம் ஆண்டில் நாமக்கல் தனிமாவட்டமாக அமைந்தபோது அதனுட் சேர்ந்தது. ஈரோட்டிற்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியினின்றும் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறைமலை இது. மலைக்கு ஏறும் படிகள் ஏறக்குறைய 1,200. இக்காலத்தில் ஊர்திகள் செல்லும் பாதையும் உண்டு. ஆயினும் மண்டபங்கள்தோறும் இளைப்பாறி, பாறையிற் செதுக்கப்பட்ட பெரிய ஐந்தலை நாகத்தின் திருவுருவிற்கு மஞ்சளும் குங்குமமும் சாத்தி, படிவழியே ஏறுதலையே அன்பர் பலர் பேறாகக் கருதுகின்றனர்.

'கோடு' என்பது மலைச்சிகரம். செந்நிறக் குன்றாகலின் செங்கோடு எனவும் செங்குன்று எனவும் பெயர்பெற்றது. ஆதிசேடனும் வாயுவும் தம்முள் வலிமை காட்டி மாறுபட்ட காலத்து, மேருவின் சிகரமொன்று சேடனது குருதி தோய்ந்து ஈங்கு வீழ்ந்ததென்பது புராண மரபு. நாகாசலம், நாககிரி என்னும் பெயர்களும் அம்மரபு பற்றியனவே. சிலப்பதிகாரத்துக் குன்றக்குரவை முருகன் உறையும் பதிகளை எண்ணுமிடத்துச் செந்திலோடு செங்கோட்டையும் எண்ணுகின்றது. இன்றும் இம்மலைமேற் செங்கோட்டு வேலவர் சந்நிதி சிறப்புற விளங்குகின்றது. அருணகிரிநாதர் தம் பாடல்களிற் பலகாலும் நினைந்துருகியது இவ்வேலவரையே என்பதும் அன்பர் அறிந்ததே.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். விறன்மிண்ட நாயனார் அவதரித்த செங்குன்றூர் இதுவே என்று கருதுவாரும் உளர். சேக்கிழார் பெருமான் அதனை மலைநாட்டுச் செங்குன்றூர் என்று தெளிவுறக் குறித்தலின், அது சேரநாட்டகத்ததாகிய செங்ஙன்னூர் எனக் கொள்ளுதலே பொருத்தமாம். திருஞானசம்பந்தர் பாடியருளிய பதியோ கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூர். பெயரொப்புமை பற்றி இரண்டனையும் ஒன்றாக்குதல் வரலாற்றிற்கு ஒவ்வாது. இத்தலத்தின் பெருமைக்கு அது வேண்டப்படுவதுமன்று.

திருமேனி

மூலவர் மேற்கு நோக்கி நின்ற திருக்கோலத்தினர். ஏறக்குறைய ஆறடி உயரமுடைய இத்திருமேனி உளியாற் செதுக்கப்படாது தானே தோன்றியதென்றும், வெண்பாடாணத்தால் ஆயதென்றும் மரபு கூறும். தலையிலே சடைமுடி, கையிலே தண்டு, வலப்பாகத்தில் வேட்டியும் இடப்பாகத்திற் சேலையும் சாத்தப்பெறும். திருவடியின்கீழ் ஊறும் நீரே தேவதீர்த்தமாக அடியார்க்கு வழங்கப்படுகின்றது. பெருமான் திருமுன்னர் மரகதலிங்கம் ஒன்று விளங்குகின்றது. அஃது அம்மை நோன்பிருந்து பூசித்ததென்பர். அடியிலே மூன்று கால்களுடன் பிருங்கி முனிவர் நிற்கின்றார்.

இவ்வடிவத்தின் பழமையைச் சிறிது நோக்குவோம். பெண்பாகங்கொண்ட சிவவடிவம் குசாணர் காலத்திலேயே வடமதுரைச் சிற்பங்களிற் காணப்படுகின்றது. கி.பி. ஆறாம் நூற்றாண்டினதாகிய வாதாபிக் குடைவரையில், என்புருவாக நிற்கும் பிருங்கியுடன் இவ்வடிவம் பெரிதாக அமைந்துள்ளது. எலிபெண்டாக் குகையிலும், மாமல்லபுரத்துத் தருமராச இரதத்திலும், தஞ்சைப் பெரிய கோயிலிலும், கங்கைகொண்ட சோழபுரத்திலும் இதனைக் காணலாம். தமிழிலோ, ஐங்குறுநூற்றுக்கும் புறநானூற்றுக்கும் கடவுள் வாழ்த்துப் பாடிய பாரதம் பாடிய பெருந்தேவனார் அவ்விரண்டிடத்தும் மாதொருபாகனையே வாழ்த்துகின்றார். மணிவாசகப் பெருமான் திருக்கோத்தும்பியில் இருபாகத்து அணிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக்காட்டி, இதனையே இறைவனது பழமையான கோலமென்று கொண்டனர்.

மேலே கூறிய கோயில்களிலெல்லாம் இவ்வடிவம் சுவரிலும் கோட்டத்திலும் குகைப்பாறையிலும் அமைந்தது. கருவறையில் மூலமூர்த்தியாக அமைந்ததன்று. திருச்செங்கோட்டிலோ சுவரில் நிற்கும் அவ்வடிவமே கருவறையில் நிற்கின்றது. அதுவே நாடோறும் நீராட்டும் அருச்சனையும் ஏற்கும் மூலமூர்த்தி. வேறெங்கும் சிற்ப நுட்பமாகக் கண்டு வியந்து கடந்துசெல்லும் கோலத்தை, இம்மலையிலே வீழ்ந்து வணங்குகின்றோம். தலத்தின் தனிச்சிறப்பு இதுவேயாம்.

பதிகம் தரும் சான்று

ஆளுடைய பிள்ளையார் இத்தலத்துக்கு அருளிய திருப்பதிகம் முதல் திருமுறையில் 107-ஆவதாக உள்ளது. அதன் தொடக்கப் பாட்டிலேயே உமையம்மை ஒருபாகமாக அமர்ந்தமை கூறப்படுகின்றது. அடுத்துவரும் பாட்டுக்களிலும் அக்கருத்து மீண்டும் மீண்டும் வருகின்றது. இதுகொண்டு ஏழாம் நூற்றாண்டிலேயே இன்றுள்ள திருமேனி இங்கு இருந்ததென்று உடனே துணிந்துவிடலாமோவெனின், ஆகாது. என்னை? மாதொருபாகனைப் பாடாத தேவாரத் தலம் அரிது. லிங்கத் திருமேனியைப் பாடுமிடத்தும் பிள்ளையார் உமைபாகத்தைப் பாடுதல் பெருவழக்கு. ஆகலின் அச்சொல் ஒன்றே போதிய சான்றாகாது.

ஆயினும், அப்பாகச் செய்தியோடு 'நின்ற' என்னுஞ் சொல் இயைந்து வருதலை ஊன்றி நோக்குதல் தகும். செங்குன்றூரில் நின்ற பெருமான் என்றே பிள்ளையார் தொடக்கப் பாட்டுக்களில் விதந்து கூறுகின்றார். நிற்றல் என்பதற்கு உறைதல் என்றும் பொருள்கொள்ளலாமாயினும், நின்ற திருக்கோலத்து மூலவர் இன்றும் காட்சிதரும் இடத்து, நேர்ப்பொருளை விடுத்து வேறு பொருள் தேடவேண்டுவது யாது? முடிந்த முடிபாக அன்றேனும், மரபுக்கு அரண்செய்யும் குறிப்பாக இதனைக் கொள்ளலாம்.

பிள்ளையார்க்கும் இடப்பாகத்துக்கும் உள்ள தொடர்பு காழியிலேயே தொடங்கியது. மூன்றாண்டுக் குழவியாய் அம்மையார் அளித்த ஞானப்பாலை உண்டு, பாலளித்தவர் யாரென வினவிய தந்தையார்க்குக் காட்டிய அடையாளங்களுள் முதலாவது தோடு. தோடு பெண்ணணி, இடச்செவியில் விளங்குவது. திருமுறையின் முதற்சொல்லே அம்மையின் பாகத்தைச் சுட்டியெழுந்ததென்பதைச் சிந்திப்பார்க்கு, அப்பிள்ளையார் செங்கோட்டு மலையில் நின்றபோது எய்திய உவகை ஒருவாறு புலனாகும்.

பிருங்கி நிற்கும் இடம்

பிருங்கி முனிவர் வரலாறு யாவரும் அறிந்ததொன்று. சிவபெருமானையன்றிப் பிறரை வணங்கேன் என்னும் உறுதிப்பாட்டினராகிய அவர், அம்மையை விலக்கி அப்பனை மட்டும் வலம்வந்தார். அம்மை பெருமானை நெருங்கியிருப்ப, வண்டுருக் கொண்டு இடைபுகுந்து வலம்வந்தார். அதுகண்ட அம்மை, தாய்வழி வந்தனவாகிய ஊனையும் குருதியையும் அவருடம்பினின்று வாங்கிக்கொள்ள, எஞ்சிய என்பு நிற்கலாற்றாது தள்ளாடியது. பெருமான் மூன்றாங்கால் அளித்து நிற்கச்செய்தார். பின்னர் அம்மை நோன்பாற்றி, பிரிக்கவொண்ணாதவாறு இடப்பாகம் பெற்றாள்.

இதனைக் கேட்போர் சிலர், அம்மை சினந்து பழிவாங்கினாள் என்றும், பெருமான் அடியவன் பக்கமே நின்றான் என்றும் கொண்டு, இருவர்க்குள்ளும் மாறுபாடு கற்பிப்பர். அது நூற்கருத்தன்று. சத்தியின் செயல்களுள் அறக்கருணை, மறக்கருணை என இருவகை உண்டென்பது சித்தாந்தம். நோய்தீர்க்கும் மருத்துவன் தேனும் கொடுப்பான். கசக்கும் மருந்தும் கொடுப்பான். தாய் மகவை அணைத்தலும், அதன் நன்மைக்காக ஒறுத்தலும் ஒரே அன்பின் இருமுகங்களே. பிருங்கியினிடத்து அம்மை செய்தது மறக்கருணை. தான் விலக்கிய அவ்வொன்றாலேயே தான் இதுகாறும் நின்றான் என்பதை, நில்லாமற்போன பொழுதன்றோ அவன் அறிந்தான்!

இன்னும் நுணுகி நோக்குக. என்பு தந்தையின் கூறு; ஊனும் குருதியும் தாயின் கூறு. அம்மையை நீக்கிய வழிபாடு என்பு மட்டுமாய் எஞ்சும் என்பதே இவ்வரலாறு உணர்த்துவது. அருளை வேண்டாத அறிவும், இரக்கம் கலவாத உறுதியும், பிறவுயிர்மேல் அன்பில்லாத சிவபத்தியும் அத்தகையனவே. அவை நேரே நிற்பனபோற் காட்டினும் நில்லா. நம்மிற் சிலர் சிவமொன்றே போதும், சத்தியைப் பேசுதல் பிற மதத்தார் செயல் என்று கருதுவதுண்டு. வேறு சிலர் சத்தியே முதல், சிவம் வெறும் சாட்சி என்பர். இருசாராரும் திருச்செங்கோட்டில் அத்திருவடிக்கீழ் நிற்கும் முனிவரை ஒருகணம் நோக்குதல் நன்று. அவர் துரத்தப்படவில்லை. இருவர் திருவடிக்கும் அருகே, ஒருவராய் நின்ற இருவரை என்றும் தொழும் இடமே அவர்க்கு வாய்த்தது. பிழைத்தவனுக்கு அடியிலே இடந்தருவது பழியாகுமோ? பேறன்றோ!

கேதார கௌரி நோன்பு

இடப்பாகம் பெறுதற்பொருட்டு அம்மை ஆற்றியது கேதார கௌரி நோன்பு. புரட்டாசி மாதத்து வளர்பிறைத் தசமியிற் தொடங்கி, தேய்பிறை அமாவாசை ஈறாக 21 நாள் நோற்பது வழக்கு. பெரும்பாலும் தீபாவளியை ஒட்டி இந்நோன்பு நிறைவுறும். 21 இழைகளாலாகிய நோன்புக்கயிற்றை ஆடவர் வலக்கையிலும் மகளிர் இடக்கையிலும் கட்டுவர். படைக்கும் அதிரசம் முதலியனவும் 21 என்னும் எண்ணிக்கையின. கொங்குநாட்டில் மட்டுமன்றி, தமிழகத்தின் பிற பகுதிகளிலும் யாழ்ப்பாணத்திலும் இந்நோன்பு பெருவழக்காய் நடைபெறுகின்றது.

வலக்கையும் இடக்கையும் பற்றிய இவ்விதியின் அழகை நினைத்துப் பார்க்க. கணவன் கையிற் கயிறு வலப்பக்கம்; மனைவி கையிற் கயிறு இடப்பக்கம். இருவரும் ஒருங்கே நின்று வழிபடுங்கால், மலைமேல் நிற்கும் திருமேனியின் இருபாகங்களே இல்லத்தினுள்ளும் தோன்றுகின்றன. நூல்கற்றறியாத எளிய குடும்பத்தார்க்கும் அம்மையப்பரது பிரிவின்மையை உணர்த்திவரும் நோன்பு இதுவாம்.

வைகாசித் திருவிழாவிலே பெருமான் மலையினின்றும் இறங்கி ஊருள் எழுந்தருள்வர். செங்கோட்டு வேலவரும் உடன் எழுந்தருள்வர். ஊரின் நடுவேயுள்ள கைலாசநாதர் கோயில் அவர்க்குத் தங்குமிடம். படியேற வலியற்ற முதியோரும் நோயாளரும் குழவிகளும் தம் வாயிலிலே அம்மையப்பரைக் காணும் நாட்கள் அவை. தேரில் ஏறும்பொழுதும் அப்பனும் அம்மையும் தனித்தனித் திருமேனியாக வருவதில்லை. ஒரு திருமேனியாகவே வருகின்றனர்.

ஆணை

இனி இக்கட்டுரையின் தலைமைப்பொருளுக்கு வருவோம். சேக்கிழார் கூறும் வரலாறு இது. திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லி மழவன் மகளின் முயலகன் என்னும் நோயைத் தீர்த்தருளிய பிள்ளையார், பின்னர்க் கொங்குநாட்டிற் புகுந்து, செங்குன்றூரை வணங்கி, பவானிக்கூடலாகிய திருநணாவையும் தொழுது மீண்டு செங்குன்றூரிலேயே தங்கியிருந்தார். அக்காலம் பனிக்காலம். உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. இது இந்நாட்டின் இயல்பு என்று அவர்கள் விண்ணப்பிக்க, பிள்ளையார் திருநீலகண்டத்தை முன்னிட்டுத் திருப்பதிகம் அருளினார். முதல் திருமுறையில் 116-ஆவதாகிய அத்திருப்பதிகம் திருநீலகண்டத் திருப்பதிகம் என்றே வழங்கும். அடியாரை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு அச்சுரம் அகன்றதென்பது புராணம். நோயுற்றார் இன்றளவும் அதனை ஓதிவருதலும் கண்கூடு.

இவ்வரலாற்றில் கொல்லி மழவன் பெயர் வருதலும் நோக்கற்பாலது. கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்ததே. திருச்செங்கோட்டுச் செப்பேடுகள் எனப்படும் சோழர்காலச் சாசனங்களிலும் கொல்லி மழவர் பெயர் காணப்படுகின்றது. ஆகலின் சேக்கிழார் குறிக்கும் மழவர்குடி கற்பனையன்றென்பதும், இந்நிலப்பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்ததென்பதும் தெளியப்படும்.

அப்பதிகத்தின் உயிர்நிலை யாது? பிள்ளையார் திருநீலகண்டத்தின்மேல் வைத்த ஆணை அது. தீவினை எம்மைத் தீண்டாதென்று திருநீலகண்டத்தைச் சான்றாக்கிக் கூறினமையின், நோய் அவ்வாணையைக் கடக்கமாட்டாதாயிற்று. தில்லையிலே திருநீலகண்டக் குயவனார் வரலாற்றிலும் இதனையே காண்கின்றோம். மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் வைத்த ஒரு சொல்லுக்காக, அவர் இளமை முழுவதையும் துறந்து நின்றார். அங்கே ஆணையிட்டவர் ஒரு பெண், பணிந்தவர் கணவர், காத்து நின்றது நீலகண்டம்.

செங்கோட்டு மலைப்படிகளிலும் இவ்வாணை மரபு நிலைபெற்றுள்ளது. ஏறும் வழியில் அறுபதாம்படி என்றொரு படிவரிசை உண்டு. வழக்குடையார் அப்படியிலே நின்று செய்யும் சத்தியத்தை மீறலாகாதென்பது கொங்குநாட்டாரின் நெடுங்கால நம்பிக்கை. நிலத்தகராறும் கடன்வழக்கும் குடும்பப் பிணக்கும் அங்கே ஒரு சொல்லால் முடிந்தனவென்று முதியோர் கூறுவர். எழுத்தும் சாட்சியும் இல்லாதவிடத்துப் பொய்சொல்ல அஞ்சவைத்த பொருள் யாது? மேலே நிற்கும் அம்மையப்பரது ஆணையன்றோ!

'ஆணை' என்னும் இச்சொல்லையே மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தில் ஆண்டனர். உயிர்கள் தத்தம் இருவினைக்கீடாக இறந்தும் பிறந்தும் வருதல் இறைவனது ஆணையால் என்றும், அவ்வாணையை விட்டு அவன் நீங்கி நிற்பதில்லை என்றும் அச்சூத்திரம் அறிவுறுத்துகின்றது. ஆணையென்பது ஈண்டுச் சிற்சத்தி. அஃது இறைவனுக்குப் புறத்தேயிருந்து வந்த துணையன்று. அவனுக்கு வேறாய ஒரு பொருளுமன்று. ஞாயிறும் அதன் ஒளியும் போல, தீயும் அதன் வெம்மையும் போல, குணியும் குணமுமாய்ப் பிரிப்பின்றி நிற்பது. இதனைத் தாதான்மியம் என்பர். உமாபதிசிவம் திருவருட்பயனின் முதல் அதிகாரத்திலேயே, சத்தியோடு வேறற நிற்பவன் நம்பெருமான் என்று நிறுவியதும் இதுபற்றியேயாம். ஞாயிற்றை நாம் அதன் ஒளியாலன்றிக் காணமாட்டோம். அங்ஙனமே சிவத்தை அவனருளாகிய சத்தியாலன்றி உயிர் அறியமாட்டாது. ஒளியை விலக்கி ஞாயிற்றைக் காண்பேன் என்றவன் கண்மூடிய குருடனாவான். பிருங்கியின் பிழை அதுவே.

இவையனைத்தையும் ஒருங்குவைத்து நோக்கின் உண்மை விளங்கும். பிள்ளையாரின் ஆணை, அறுபதாம்படியில் உழவன் இடும் ஆணை, சிவஞானபோதம் கூறும் ஆணை என மூன்றும் ஒரு சொல்லே. மூன்றன் பொருளும் ஒரு சத்தியே. நோய்க்கு அவள் மருந்து. வழக்குக்கு அவள் நீதி. உயிர்க்கு அவள் அருள். அத்தகையாளைப் பெருமானினின்று பிரித்து வேறோரிடத்து அமைத்துக் காட்டாது, அவன் திருமேனியின் பாதியாகவே காட்டிய தலம் திருச்செங்கோடு.

இவ்வாறு கூறுதலால் ஏனைத் தலங்களில் அம்மைக்குள்ள தனிக்கோயில்கள் குறையுடையன என்பது கருத்தன்று. ஒன்றாயுள்ளதை அன்பின்பொருட்டு இரண்டாகக் கண்டு, கருணை மிகுதி தோன்ற அம்மையைத் தனியே வழிபடுதலும் ஆகமம் வகுத்த நெறியே. மதுரையிலும் காஞ்சியிலும் நெல்லையிலும் அங்ஙனம் தொழுகின்றோம். அங்கெல்லாம் இரண்டு சந்நிதியிலும் சென்று வணங்குங்கால் நாம் மறவாதிருக்க வேண்டுவதை, செங்கோட்டு மலை ஒரே சந்நிதியில் வைத்து நினைவூட்டுகின்றது. அவ்வளவே வேறுபாடு.

அப்பர் பெருமான் கயிலைக்காட்சியைத் திருவையாற்றிற் கண்டபோது, பிடியும் களிறுமாக, பெடையும் சேவலுமாக வரும் உயிரினங்களிலெல்லாம் அம்மையப்பரையே கண்டனர். அக்கண் நமக்கு எளிதில் வாய்ப்பதன்று. செங்கோட்டு மலையினின்றும் இறங்கிவரும் அன்பர், தம் இல்லத்திலே தாயையும் தந்தையையும், கணவனையும் மனைவியையும் ஒருவரையொருவர் தாழ்த்தாது போற்றும் அளவேனும் அக்கண் பெற்றாராயின், மலையேறிய பயன் கைகூடியதாகும்.

இனி, மலைமேல் வந்து "அம்பிகையின் சந்நிதி எப்பக்கத்தது?" என்று வினவும் அன்பர்க்கு நாம் கூறத்தக்கது ஒன்றே: "ஐய, நீவிர் தொழுத சந்நிதியே அது, மீண்டும் ஒருமுறை உட்புகுந்து, இடப்பாகத்தையும் நன்கு நோக்கித் தொழுது வருக."

திருச்சிற்றம்பலம்